ரெட்டினால்: இரண்டு வருடம் பூசிய பிறகு

பல வருடமாக எனக்கு ஜன்னலோர இருக்கையில் வேலை. வெயில் விழுவது வலது கன்னத்தில். கண்ணாடியைத் தாண்டியும் வெயிலின் யுவிஏ கதிர் (தோலைப் பாதிக்கும் புற ஊதாக் கதிர்) வரும் என்று அப்போது தெரியாது. வலது பக்கம் மட்டும் பழுப்புத் திட்டுகள் வந்தன, கண்ணோரக் கோடுகளும் அங்கேதான் அழுத்தமாக விழுந்தன.

அவற்றைக் குறைக்க 0.3 சதவீத ரெட்டினால் வாங்கினேன்; முகத்தில் பூசும் வைட்டமின் ஏ வகை அது. முதலில் வாரம் இரண்டு இரவு போதும் என்று அட்டையில் போட்டிருந்தது. சீக்கிரம் குணம் தெரியட்டும் என்று இரண்டாவது வாரமே தினமும் பூசினேன். மூக்கோரமும் வாயோரமும் சிவந்து, தோல் செதில் செதிலாக உரிந்தது. வெறும் தண்ணீர் பட்டாலே எரிந்தது. பத்து நாள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மாய்ஸ்சரைசர் மட்டும் தடவினேன்.

அப்புறம் பழகியதுதான் இன்றுவரை. முகம் கழுவி ஈரம் முழுக்கக் காயவிட வேண்டும். மூக்கோரத்திலும் உதட்டோரத்திலும் கொஞ்சம் வாசலின். முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் ரெட்டினால், மறுபடியும் மாய்ஸ்சரைசர். முகம் முழுக்க ஒரே ஒரு பட்டாணி அளவுதான். வாரம் இரண்டிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாளுக்கு வர மூன்று மாதம் ஆனது.

அந்த மூன்று மாதத்தில் தோல் வழவழப்பானது, அவ்வளவுதான். ஆறாவது மாதம், அதே இடத்தில் அதே வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் பழைய படத்தோடு வைத்துப் பார்த்தேன். திட்டுகளின் ஓரம் கரைந்திருந்தது, மெல்லிய கோடுகள் தணிந்திருந்தன. சிரிக்கும்போது விழும் ஆழமான கோடு இன்றும் அப்படியே இருக்கிறது.

இவ்வளவு தாமதத்துக்குக் காரணம் உண்டு. ரெட்டினால் தோலுக்குள் போய் ரெட்டினால்டிஹைடாகி, பிறகு ரெட்டினாயிக் அமிலமானால்தான் வேலை செய்யும். மருத்துவர் எழுதித் தரும் ட்ரெட்டினாயின் நேரடியாக அந்த அமிலமே. அதனால் அதற்கு வேகமும் அதிகம், எரிச்சலும் அதிகம்.

பகலில் எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு அளவு) 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போட முடியாதவர்கள் ரெட்டினாலைத் தொடவே வேண்டாம். ஒருபக்கம் சரிசெய்துகொண்டே மறுபக்கம் வெயிலுக்குக் கொடுத்தால் என்ன பயன்? கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

கழுத்துக்கு இந்த மாதம்தான் ஆரம்பித்திருக்கிறேன். அங்கே தோல் மெல்லியது என்பதால் வாரம் ஒரே ஒரு இரவு.