எமியுலேட்டரில் விளையாட மூன்று வழி: எது சட்டப்படி சரி?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு பெடியனுக்குப் பழைய கேம் விளையாட ஆசை வந்தால் மூன்று வழி உண்டு. கடையிலோ கூட்டாளியிடமோ மெமரி காட்டில் ஏற்றிக்கொள்ளலாம். தன்னிடமுள்ள கசெட்டிலிருந்து தானே பிரதி எடுக்கலாம். உருவாக்கியவர்களே இலவசமாக விட்டவற்றை இறக்கலாம். எந்த வழியில் வந்தாலும் கேம் எமியுலேட்டரில், அதாவது பழைய கேம் கருவியைப்போலக் கணினியையோ போனையோ இயங்கவைக்கும் மென்பொருளில், ஓடும். ஆனால் சட்டம் மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

எமியுலேட்டரை நினைத்துப் பயப்படத் தேவையில்லை. சோனியின் பிளேஸ்டேஷன் கருவிக்கான கேம்களைக் கணினியில் ஓடவைத்த கனெக்டிக்ஸ் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், 2000-இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் சோனி தோற்றது. 2024-இல் அப்பிளும் தன் ஆப் ஸ்டோரில் இவற்றை அனுமதித்தது. நின்டென்டோவின் ஸ்விட்ச் போன்ற புதிய கேம் கருவிகளின் கதை வேறு. அங்கே பிரதி எடுப்பதைத் தடுக்கக் கேமில் போட்ட பூட்டை உடைக்கவேண்டி வருவதால், அதே 2024-இல் ஸ்விட்சுக்கான யூசு எமியுலேட்டரை உருவாக்கியவர்கள் நின்டென்டோவுக்கு 24 லட்சம் டொலர் கொடுக்க உடன்பட்டு அதை மூடினார்கள்.

சிக்கல் கேம் கோப்பில்தான். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் காக்கிறது. வேண்டுமென்றே மீறினால் நீதவான் ஆறு மாதம் வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபா வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். காசு வாங்கி ஏற்றிக்கொடுக்கும் கடைக்காரருக்குத்தான் ஆபத்து அதிகம். காசு வாங்காத கூட்டாளிக்கும் பிரதி கொடுக்கும் உரிமை கிடையாது. '24 மணி நேரத்தில் அழித்துவிட்டால் சரி' என்பது வெறும் கட்டுக்கதை, அப்படி ஒரு விதி எங்கும் இல்லை. பழைய கேம் என்பதாலும் விடுதலை கிடைக்காது. சூப்பர் மரியோ பிரதர்ஸ் வந்தது 1985-இல். அதன் பதிப்புரிமை இன்னும் பல பத்தாண்டு நீடிக்கும்.

அப்படியானால் சொந்தக் கசெட்? சட்டப்படி வாங்கிய நிரலுக்குக் காப்புப் பிரதி ஒன்று எடுக்க நமது சட்டம் இடம் தருகிறது. தாளில் இதுதான் நல்ல வழி. ஆனால் வன்னியில் யாரிடம் அசல் கசெட் இருக்கிறது? போர்க்காலத்தில் மின்சாரமே இல்லை. 2009-இல் வீட்டோடு எல்லாம் போனது. இங்கே பலருக்குக் கிடைத்தது, நூற்றுக்கணக்கான கேம்கள் ஒன்றாக அடைத்து வந்த டிவி கேம் கசெட். அதுவே அனுமதியில்லாத பிரதி என்பதால், அதிலிருந்து எடுப்பதும் இந்த விலக்குக்குள் வராது.

இந்த இடத்தில் சட்டத்தின் மீது எனக்குக் கோபம் உண்டு. அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 வீதம் இன்று விற்பனையிலேயே இல்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளையின் 2023 ஆய்வு காட்டியது. காசு கொடுத்து வாங்கவும் வழியில்லாத ஒன்றை ஒரு நூலகமாவது இணையவழியே ஆய்வாளருக்குக் கொடுக்கக்கூடாதா? அதற்கான கோரிக்கையையும் 2024-இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. இது அநியாயம்தான். ஆனாலும் அந்த நியாயத்தைச் சொல்லி ஒரு கடைக்காரர் நீதவான் முன் தப்பமுடியாது.

ஆகவே நமது பிள்ளைகளுக்கு நான் சொல்வது மூன்றாவது வழி. 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' என்ற கேமை அதன் உரிமையாளர்கள் 2003-இல் இலவசமாக விட்டார்கள். ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் சாதாரண போனிலேயே ஓடும், கூட்டாளிக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். நின்டென்டோவின் பழைய கையடக்கக் கருவியான கேம்போய்க்கு 'டோபு டோபு கேர்ள்' என்ற கேம் இருக்கிறது, அதன் மூலநிரலே யாரும் எடுக்கும்படி திறந்து கிடக்கிறது. தெரிவு குறைவுதான், மரியோவும் போக்கிமோனும் இதில் வராது. அவைதான் வேண்டுமென்றால் நின்டென்டோவிடமே வாங்கவேண்டும், நமது வருமானத்துக்கு அது பாரம். ஆனால் ஜிபி ஸ்டூடியோ என்ற இலவசக் கருவி இருந்தால் பாடசாலைக் கணினியிலேயே சொந்தமாக ஒரு கேம்போய் கேம் செய்துவிடலாம். கேம்போய் திரையின் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்துக்குள் தமிழ் எழுத்தை அடக்குவது கஷ்டம், வசனங்களைப் படமாக வரைந்து போட்டால் சரியாக வரும்.