கம்புச்சா கிட் வாங்கலாமா? கம்பத்திலிருந்து ஒரு ரிவ்யூ

சித்திரை மாதம் ஆன்லைனில் 1,450 ரூபாய்க்கு ஒரு கம்புச்சா (சர்க்கரை போட்ட டீயைப் புளிக்கவைத்துச் செய்கிற பானம்) கிட் வாங்கினேன். எந்த கம்பெனி என்பது வேண்டாம், விஷயத்தை மட்டும் சொல்கிறேன். அடியில் குழாய் வைத்த 3 லிட்டர் கண்ணாடி ஜாடி, ஸ்கோபி (டீயைப் புளிக்கவைக்கிற உறை ஏடு) பாக்கெட், டீ பேக், ஜாடி வாயில் கட்ட ஒரு துணி, கம்பி மூடி போட்ட 2 பாட்டில், புளிப்பு அளவு பார்க்கிற பி.ஹெச். தாள், ஆங்கிலத்தில் ஒரு செய்முறைத் தாள், இவ்வளவுதான் பெட்டியில்.

பணத்துக்கு உரிய பொருள்களில் முதலாவது ஸ்கோபி. உள்ளங்கை அகலம், பழுப்பு வெள்ளை, தொட்டால் முற்றிய இளநீர் வழுக்கை மாதிரி வழவழப்பு. அம்மா பார்த்துவிட்டு "என்னடி இது, வழுக்கையை ஊறப்போட்டிருக்கியா?" என்றார். அம்மா சொன்னதில் உண்மை இருக்கிறது, தேங்காய்த் தண்ணீரைப் புளிக்கவைத்து நாட்டா டி கோக்கோ என்கிற ஜெல்லி செய்கிற பாக்டீரியா இனம்தான் இந்த ஏட்டையும் கட்டுகிறது. கூடவே ஈஸ்டும் இருக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் வாயுவும் விட, பாக்டீரியா அந்த ஆல்கஹாலைப் புளிப்பாக மாற்றிவிடும்.

ஆனால் பாக்கெட்டில் ஸ்கோபியோடு வந்த புளித்த தண்ணீர் 100 மில்லிகூட இல்லை. தாளில் 2 லிட்டர் டீ போடச் சொல்லியிருந்தது, அப்படியே போட்டேன். ஆறாம் நாள் ஏட்டின் மேல் ரூபாய்க் காசு அளவில் பச்சைப் பூஞ்சணம், காய்ந்து, மயிர் மயிராக. முழுவதையும் ஸ்கோபியோடு சேர்த்துக் கொட்டினேன், சுரண்டி எடுத்துவிட்டுக் குடிக்கிற வேலையே கூடாது. தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரிதான் இதுவும், உறை குறைந்தால் கண்டது வந்து குடியேறிவிடும். லிட்டருக்கு 100 முதல் 150 மில்லி புளித்த தண்ணீர் வேண்டும், முதல் நாளே பி.ஹெச். 4.5-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். (கிட்டில் வந்த பி.ஹெச். தாளை அதற்காகவே பாராட்டுகிறேன், உண்மையிலேயே உபயோகமான பொருள்.) புகார் அனுப்பினேன், 4 நாள் கழித்துப் பதில் போட்டு வேறு ஸ்கோபி இலவசமாக அனுப்பினார்கள். அது நல்ல விஷயம்.

இரண்டாம் தடவை என் கணக்கில் போட்டேன். 1 லிட்டர் தண்ணீர், 70 கிராம் சர்க்கரை, 2 ஸ்பூன் இலைத் தேயிலை. கிட்டில் வந்தது வாசனை எண்ணெய் சேர்த்த டீ, அந்த எண்ணெய் ஸ்கோபிக்கு ஆகாது, அதனால் குமுளிக் கடையில் உதிரியாக விற்கிற வண்டிப்பெரியாறு இலைத் தேயிலைக்கு மாறினேன். டீ நன்றாக ஆறிய பிறகுதான் ஸ்கோபியை விட வேண்டும். கிட்டில் கொடுத்த துணி கண்ணி பெரியது, பழ ஈ தாராளமாக உள்ளே போகும். பழைய காட்டன் வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கட்டினேன், அதற்கப்புறம் ஒரு ஈ கிடையாது.

அப்புறம் நாள் கணக்கு. தாள் சொல்வது 14 நாள். அது குளிர்ந்த ஊருக்கு எழுதியது. கம்பத்து வெயிலில் ஆறாம் நாளே இனிப்பும் புளிப்பும் சரியாக நின்றது, பாதியை எடுத்துக்கொண்டு மீதியைத் தாளில் சொன்னபடி 14 நாள் விட்டேன், சாலடுக்கு ஊற்றுகிற வினிகர் ஆகிவிட்டது. அதே ஸ்கோபியில் ஒரு ஏட்டைப் பிரித்து மலைமேல் குமுளியில் இருக்கிற அக்காவுக்குக் கொடுத்தேன், அதே தேயிலை, அதே சர்க்கரை, அங்கே 11 நாள் ஆனது. இடையில் 20 கிலோமீட்டர் சொச்சம், ஒரு மலைப்பாதை, அவ்வளவுதான். அதனால் தேதியைப் பார்க்காதீர்கள், நாலாம் நாளிலிருந்து சுத்தமான கரண்டியில் எடுத்து ருசி பாருங்கள்.

ஜாடியின் குழாய் பெரிய குறை. வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே முலாம் பூசிய உலோகம், இரண்டு மாதத்தில் முலாம் உரிய ஆரம்பித்தது. இவ்வளவு புளிப்பான ஒன்றை அதன் வழியாகப் பிடித்துக் குடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஊறுகாய் போடுகிற அகல வாய்க் கண்ணாடி ஜாடி போதும்.

பாட்டில்கள் நல்ல தரம். புளித்ததை வடித்து, நசுக்கிய கம்பம் பன்னீர் திராட்சை ஒரு கைப்பிடி போட்டு, கழுத்தில் இரண்டு விரல் இடம் விட்டு மூடி, 2 நாள் வெளியே வைத்தேன். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய திராட்சை இது, கருஞ்சிவப்பு நிறமும் பன்னீர் மணமும் அப்படியே இறங்குகிறது, திறந்ததும் நுரை பொங்கி வருகிறது. தினமும் ஒரு தடவை மூடியைத் தளர்த்தி வாயுவை விடுங்கள், இல்லையென்றால் பாட்டில் வெடிக்கும். பழம் சேர்த்தால் ஆல்கஹால் கொஞ்சம் கூடும், அதனால் பிள்ளைகளுக்கு நான் கொடுப்பதில்லை. கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது.

ஐந்துக்கு இரண்டு ஸ்டார் தருகிறேன், ஒன்று ஸ்கோபிக்கு, இன்னொன்று பாட்டிலுக்கு. கம்பம், கூடலூர், குமுளி பக்கம் இருக்கிறவர்கள் இந்த கிட்டை வாங்கவே வேண்டாம். என்னிடம் இப்போது நாலு ஏடு இருக்கிறது, கண்ணாடி பாட்டிலோடு வந்தால் புளித்த தண்ணீரும் சேர்த்தே ஊற்றித் தருகிறேன்.