ஃப்ரேசல் வெர்ப் புத்தகம்: டர்பனில் ஏழு வருஷம் புரட்டிய பிறகு

போன வாரம்தான் இந்தப் புத்தகத்தைப் பைண்டிங் செய்து வாங்கி வந்தேன். கூலி 180 ரேண்ட், தென்னாப்பிரிக்கப் பணம். 2018-ல் சென்னையில் புத்தகத்தை வாங்கிய விலை 120 ரூபாய். மாற்றிப் பார்த்தால் வாங்கிய விலையைப் போல ஏழு மடங்கு வருகிறது, கணக்கெழுதிப் பிழைக்கிறவன் செய்யக்கூடாத காரியம். அதே வாரம் பார்த்து சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் கேட்கிறான்: "அண்ணே, டர்பன்ல வேலை கிடைச்சிருச்சு, இங்கிலீஷ்தான் உதறுது. நீங்க ஒரு மஞ்சள் அட்டை புக் வச்சிருந்தீங்களே, அதை வாங்கிரவா?" அவனுக்கு வாய்ஸ் நோட் போட ஆரம்பித்தேன். நாலாவது நிமிஷத்தில் எனக்கே மூச்சு வாங்கியதால் இங்கே எழுதுகிறேன்.

என்ன மாதிரிப் புத்தகம் என்று எல்லோருக்கும் தெரியும். கெட், புட், டேக், லுக் என்று வினைகளை வரிசையாக அடுக்கி, அவற்றோடு அப், ஆஃப், அவுட் ஒட்டினால் (அதுதான் ஃப்ரேசல் வெர்ப்) என்ன பொருள் என்று தமிழில் போட்டு, பக்கத்திலேயே தமிழ் எழுத்தில் உச்சரிப்பும் கொடுத்து, கீழே ஓர் உதாரண வாக்கியம். உதாரணங்களில் வருகிற ஆட்களில் பாதிப்பேர் ரயிலைத் தவறவிட்டவர்கள், மீதிப்பேர் குடையை மறந்தவர்கள். போகட்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துவிடும். தமிழ் அர்த்தம் எழுதியவர் யாரோ, அவர் கையில் ஒரு தங்கக் காப்பு போடலாம். கிவ் என்றால் கொடு, இன் என்றால் உள்ளே என்று பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு ‘கிவ் இன்’ என்பது கடைசிவரை உள்ளே எதையோ கொடுக்கிற விஷயமாகத்தான் இருந்தது. இவர் ஒரே சொல்லில் ‘விட்டுக்கொடு’ என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது மினிபஸ் டாக்சியில் நாலு பேருக்கு நடுவில் நசுங்கிக்கொண்டிருந்தேன், அப்படியே சிரித்துவிட்டேன். நாம் விட்டுக்கொடுக்கும்போது எதை விடுகிறோம், யாருக்கு என்ன கொடுக்கிறோம்? ஒன்றும் இல்லை, இரண்டு வினை சேர்ந்து மூன்றாவதாக ஒரு பொருளைப் பெற்றுப் போட்டிருக்கிறது. ‘கிவ் அவே’க்குக் காட்டிக்கொடு. ‘ஃபைண்ட் அவுட்’டுக்குக் கண்டுபிடி. எனக்கு ரொம்பப் பிடித்தது ‘கெட் இட் ஓவர் வித்’, அதற்கு ‘முடித்துத் தொலை’. அந்த ஆங்கிலத்தில் இருக்கிற சலிப்பு முழுவதும் அந்தத் ‘தொலை’யில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இந்த வித்தையை வெள்ளைக்காரன் மட்டும் செய்யவில்லை, நம் பாட்டி அடுப்படியில் நாள் முழுக்கச் செய்ததுதான் என்று தெரிந்ததும் பயம் பாதி போய்விட்டது.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். ஏழு வருஷமாக ஒரே எரிச்சல். ‘இட்’ எங்கே வரும் என்று இந்தப் புத்தகம் ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லை.

கீஸரை அணைக்க வேண்டும். ‘ஸ்விட்ச் ஆஃப் த கீஸர்’ என்றும் சொல்லலாம், ‘ஸ்விட்ச் த கீஸர் ஆஃப்’ என்றும் சொல்லலாம். ஆனால் கீஸரை ‘அது’ என்று ஆக்கிவிட்டால் ‘ஸ்விட்ச் இட் ஆஃப்’ மட்டும்தான், ‘இட்’ நடுவில் போய் நிற்க வேண்டும். அப்படியானால் எல்லாவற்றிலும் நடுவில் போடலாமா என்றால் அதுவும் கிடையாது, ‘லுக் ஆஃப்டர் இட்’ என்பதை யாரும் பிளக்க முடியாது. நமக்கும் பிளக்கிற பழக்கம் உண்டு, ‘கண்டே பிடிக்க முடியல’ என்று நடுவில் ஓர் ‘ஏ’யைச் சொருகுகிறோம் இல்லையா, ஆனால் ‘அதை’ என்கிற சொல்லை அங்கே சொருக மாட்டோம். அதனால்தான் தமிழனுக்கு இது தானாக வராது, யாராவது சொல்லித் தரவேண்டும். ஆயிரம் வினை போட்ட புத்தகத்தில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு புள்ளி வைத்திருந்தால் போதும். வைக்கவில்லை.

இதனால் எனக்கு வந்த வினையைக் கேளுங்கள். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு போட்டார்கள். எங்கள் குடோன் பூட்டிக் கிடந்தபோதும் முதலாளி முழுச் சம்பளம் கொடுத்தார், அரிசி பருப்பு அனுப்பினார். திறந்ததும் நன்றி சொல்லலாம் என்று புத்தகத்தைப் புரட்டினேன். ‘சீ த்ரூ: 1. உள்நோக்கத்தைக் கண்டுகொள். 2. இக்கட்டில் கடைசிவரை துணைநில்.’ இரண்டாவது பொருள் பொருத்தமாக இருக்கவே ‘தேங்க் யூ பாஸ், யூ சா த்ரூ மீ’ என்று அனுப்பினேன். அவர் ‘வாட் டிட் யூ டூ?’ என்று பதில் போட்டார். மறுநாள் இரண்டு மாதச் சரக்குக் கணக்கை அவரே உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்த்தார். ‘யூ சா மீ த்ரூ’ என்றால்தான் துணைநின்றீர்கள் என்று பொருளாம், நான் எழுதியதற்கு ‘என் தில்லுமுல்லைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்’ என்று பொருளாம். ஒரு ‘மீ’ ஓரடி தள்ளி நின்றதற்கு இவ்வளவு.

இதை எனக்கு விளக்கியவர் வீட்டுக்கார ஆன்ட்டி. டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் அவர் வீட்டுப் பின்கட்டில்தான் குடியிருக்கிறேன். 1860-ல் இந்தியாவிலிருந்து கூலியாட்களோடு முதல் கப்பல் வந்ததற்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு வந்த தலைமுறையின் பேத்தி. பேச்சு ஆங்கிலம்தான், முருகன் பாட்டு மட்டும் தமிழ், அதையும் ஆங்கில எழுத்தில் அச்சடித்த புத்தகத்தைப் பார்த்துத்தான் பாடுவார். அந்த எழுத்தில் மலைக்கும் மாலைக்கும் வித்தியாசம் தெரியாது, ஆகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முருகன் கழுத்தில் மலையைத்தான் தூக்கிப் போடுவார். நான் சிரிக்க முடியாது. என் புத்தகத்தில் கோப்புக்கு நகல் எடுப்பதும் ‘பேக் அப்’, மூட்டை கட்டிக் கிளம்புவதும் ‘பேக் அப்’. நம் ‘ப’ இரண்டுக்கும் ஒன்றுதானே. 2019 டிசம்பரில் முதல் தடவையாக ஸ்டேஜ் 6 மின்வெட்டு வந்தது (எண் கூடக் கூட வெட்டும் கூடும்). கரண்ட் போக இன்னும் அரைமணி இருக்கும்போது அலுவலகத்தில் ‘பேக் அப்! பேக் அப்!’ என்று கத்தினார்கள், நான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டேன். அன்றைய பில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இன்னொன்று, இதற்குப் புத்தகத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. வந்த புதிதில் ஹார்டுவேர் கடையில் குழாய்க்கு வாஷர் தேடிக்கொண்டிருந்தேன். கடைப்பையன் ‘டிட் யூ கம் ரைட்?’ என்றான். நான் வலதுபக்கம் திரும்பிப் பார்த்தேன், அங்கே பெயிண்ட் டப்பாக்கள். நினைத்த காரியம் கைகூடியதா என்று கேட்க இந்த நாட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள். சென்னையில் அச்சடித்த புத்தகத்தில் அது எப்படி இருக்கும்? ‘கம்’ பக்கத்தின் அடியில் நானே எழுதிக்கொண்டேன்.

எழுதிக்கொண்டேன் என்றேனே, அதில்தான் இப்போதைய கோபம். ‘சீ த்ரூ’ விவகாரத்துக்குப் பிறகு ஆபீசில் காதைத் தீட்டி, லோட்டஸ் எஃப்எம் கேட்டு, ஆன்ட்டியை நச்சரித்து, ஒவ்வொரு வினைக்கும் ஓரத்தில் பென்சிலால் அடையாளம் போட்டேன். பிளக்கலாம் என்றால் சின்னக் கத்தரிக்கோல், பிளக்கக்கூடாது என்றால் பூட்டு. முந்நூறுக்கு மேல் சேர்ந்திருந்தது. கிரே ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடையில் பைண்டிங்குக்குக் கொடுத்தேன். தையல் கெட்டி, காலிகோ அட்டை, முதுகில் தங்க எழுத்து, ஒரு குறை சொல்ல முடியாது. விளிம்பு ஒழுங்காக இருக்கட்டும் என்று மூன்று பக்கமும் மெஷினில் கொடுத்து வெட்டியிருக்கிறார். கத்தரிக்கோல்களும் பூட்டுகளும் அந்தக் கடையின் குப்பைக்கூடைக்குப் போய்விட்டன. ‘கம் ரைட்’டும் போச்சு.

அதனால் தம்பி, வாங்காதே. 120 ரூபாய்க்குக்கூட வேண்டாம். இருந்தாலும் நேற்று ராத்திரி பென்சிலைச் சீவிக்கொண்டு மறுபடி ஆரம்பித்துவிட்டேன். ஆன்ட்டி சப்பாத்தி தேய்க்கத் தேய்க்க நான் கேட்கிறேன், "புட் அப் வித் இட்டா, புட் இட் அப் வித்தா ஆன்ட்டி?" யோசிக்காமல் சொல்லிவிடுகிறார், ஏன் என்று கேட்டால்தான் தெரியவில்லை. ‘ஜி’ வரைக்கும் வந்திருக்கிறேன். நீ வருவதற்குள் ‘டபிள்யூ’ முடிந்துவிட்டால் என்னுடையதையே எடுத்துக்கொள், ஓரத்தை மட்டும் யாரையும் தொடவிடாதே.