25 லிட்டரா, 40 லிட்டரா, 65 லிட்டரா? முதுகுப்பை வாங்கும் முன்

ஒரு நாள் பயணத்துக்கு 20 முதல் 30 லிட்டர், வாரக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்ற 40 முதல் 45, டென்ட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் தூக்கிக்கொண்டு மலையில் நடக்க 55 முதல் 70. யாரைக் கேட்டாலும் கிட்டத்தட்ட இந்தக் கணக்கைத்தான் சொல்வார்கள், கணக்கும் தப்பில்லை. ஆனால் முதன்முதலாக நீண்ட பயணம் கிளம்புகிற நிறையப் பேர் "பெரிசா இருந்தா எல்லாத்துக்கும் ஆகும்" என்று நேராக 65க்குப் போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். இடம் இருக்கிறதே என்று இன்னொரு ஜோடி ஷூ, தடித்த துண்டு, பிரிக்காமலே திரும்பி வந்த இரண்டு புத்தகம் என எல்லாம் உள்ளே போய்விட்டது. டென்ட் தூக்காதவருக்கு 65 லிட்டர் வேண்டாம் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

பாரம் தாங்குவதில் 65ஐ அடிக்க ஆளில்லை, அதையும் சொல்ல வேண்டும். உள்ளே அலுமினியக் கம்பிச் சட்டம், தடித்த இடுப்பு பெல்ட், இரண்டும் சேர்ந்து எடையின் பெரும்பகுதியைத் தோளிலிருந்து இடுப்பெலும்புக்கு இறக்கிவிடும், அதனால் 15 கிலோவோடு நாள் முழுக்க நடக்க முடிகிறது. ஆனால் பெரும்பாலும் மேல்வாய் வழியாகத்தான் திறக்கும், அடியில் கிடக்கும் ஒரு சட்டைக்காகப் பாதிப் பையைக் காலி செய்ய வேண்டியிருக்கும். விமானத்தில் கையோடு கொண்டுபோகவும் முடியாது.

40 லிட்டர் பயணப்பை சூட்கேஸ் மாதிரி முழுசாகத் திறக்கும். ஆஸ்ப்ரே ஃபார்பாயிண்ட் 40 போன்றவற்றில் தோள் ஸ்ட்ராப்பையும் பெல்ட்டையும் ஒரு மடிப்புக்குள் மறைத்து ஜிப் போட்டுவிடலாம், பஸ்ஸின் அடியிலோ விமானத்திலோ போடும்போது எதிலும் மாட்டாது. ஒரு எச்சரிக்கை: பல விமான நிறுவனங்களில் கைப்பைக்கு 7 கிலோதான் எல்லை, பையே ஒன்றரைக் கிலோ இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போச்சு. அப்புறம், பெட்டி போன்ற வடிவத்தால் எடை முதுகைவிட்டுத் தள்ளி நிற்கும், 10 கிலோவைத் தாண்டினால் பின்னால் இழுப்பது நன்றாகவே தெரியும். கனமானவற்றை முதுகை ஒட்டி, தோள்களுக்கு நடுவே வருகிற மாதிரி அடுக்கினால் இழுப்பு குறையும்.

25 லிட்டரில் பெல்ட் வெறும் மெல்லிய நாடாவாக இருந்தாலும் பரவாயில்லை, பை ஆடாமல் பிடித்தால் போதும். ஐந்தாறு கிலோவைத் தோளே தாங்கும். இங்கே நான் பார்ப்பது இரண்டே விஷயம். பையைக் கழற்றாமல் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுக்க முடிகிறதா, முதுகுக்குக் காற்று வருகிறதா. வலை இழுத்துக் கட்டிய முதுகுப்பகுதி வியர்வைக்கு அருமையானது, ஆனால் அந்த இடைவெளியே பாரத்தை உடம்பைவிட்டு விலக்குகிறது. லேசான பைக்கு வலை, கனமான பைக்கு முதுகோடு ஒட்டும் பஞ்சு என்பது என் தேர்வு.

துணியில் 210 டீனியர், 420 டீனியர் என்று போட்டிருப்பார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்பதுதான் அந்த எண். ஒரே வகை நூலில் எண் கூடினால் உழைப்பும் கூடும், பையின் எடையும் கூடும். மழை உறை இருப்பதை நம்பி இருந்துவிடாதீர்கள், முதுகுப் பக்கம் அது மூடாது, தண்ணீர் அந்த வழியாக இறங்கும். உள்ளே ஒரு பெரிய பாலித்தீன் பையைப் போட்டு அதற்குள் துணிகளை வைப்பது அதைவிட உறுதி.

எந்த அளவானாலும் உடம்புக்குப் பொருந்தாவிட்டால் வீண். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்துகிற எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை அளந்துகொள்ளுங்கள், பையின் முதுகு நீளம் அதோடுதான் பொருந்த வேண்டும். ஒரே உயரமுள்ள இருவருக்கு இந்த நீளம் வேறாக இருக்கலாம். கடையில் காலிப் பையை மாட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள், எட்டுப் பத்துக் கிலோ போட்டு முதலில் பெல்ட்டை இடுப்பெலும்பின் மேல் இறுக்கி, பிறகு தோள் ஸ்ட்ராப்பை இழுத்து, கால் மணி நேரம் நடந்து பாருங்கள்.

ஒரே ஒரு பைதான் என்றால் நான் 40ஐத்தான் சொல்வேன், அதற்குள் கையளவு மடிகிற 18 லிட்டர் பை ஒன்றோடு. தங்குமிடத்தில் பெரியதை வைத்துவிட்டுச் சின்னதை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். மாதத்துக்கு நாலு முறை ஒரு நாள் நடை, வருஷத்துக்கு ஒரே ஒரு நீண்ட பயணம் என்றிருப்பவர் மட்டும் நல்ல 25ஐ வாங்கிக்கொண்டு பெரியதை யாரிடமாவது இரவல் கேட்கலாம்.