எம்எல்பி டிரேடு ரூமர்ஸ் தளம்: புரளி சீசனுக்கு இது போதுமா?

டிரேடு கெடு முடியும் ஜூலை கடைசி வாரமும் டிசம்பர் முதல் இரண்டு வாரமும் அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களுக்குப் புரளி சீசன். யார் எந்த அணிக்குப் போகிறார் என்று மணிக்கொரு கதை கிளம்பும். ஒருவர் கொளுத்திப் போடுவார், இன்னொருவர் அதற்குக் கண் காது மூக்கு வைப்பார், மறுநாள் காலையில் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். இந்தக் கூச்சலுக்கு நடுவே ரசிகர்கள் கடைசியில் போய்ச் சரிபார்க்கும் இடம் எம்எல்பி டிரேடு ரூமர்ஸ். எம்எல்பி என்பது மேஜர் லீக் பேஸ்பால்; டிரேடு என்றால் அணிகள் வீரர்களைக் கைமாற்றிக்கொள்வது. 2005-ல் டிம் டியர்க்ஸ் தொடங்கிய தளம். இணையத்தில் இலவசம், செல்போன் செயலியும் உண்டு.

செய்தியை முந்தித் தரும் என்று நம்பிப் போனால் ஏமாற்றம்தான். பெரிய டிரேடுகளை முதலில் சொல்பவர்கள் ஈஎஸ்பிஎன்னின் ஜெஃப் பாசன், தி அத்லெடிக்கின் கென் ரோசன்தால், நியூயார்க் போஸ்ட்டின் ஜான் ஹேமன் போன்ற நிருபர்களும், அந்தந்த ஊர் அணியைத் தினமும் பின்தொடரும் பத்திரிகையாளர்களும். இந்தத் தளத்தின் வேலை அவர்கள் சொன்னதைத் திரட்டுவது. ஆனால் திரட்டும்போது யார் சொன்னது, எப்போது சொன்னது, எவ்வளவு உறுதியாகச் சொன்னது என்ற மூன்றையும் கலைக்காமல் தருகிறது. இதன் மதிப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

ஒரு பதிவைத் திறந்தால் புதிய தகவல் மேலே, நேரத்தோடு இருக்கும். பழையது அழிக்கப்படாமல் கீழே, அதன் நேரத்தோடு கிடக்கும். காலையில் ‘பேசுகிறார்கள்’, பிற்பகலில் ‘நெருங்கிவிட்டது’, மாலையில் ‘முடிந்தது, மருத்துவப் பரிசோதனை பாக்கி’ என்று ஒரு பேரம் நகர்ந்த தடம் அப்படியே தெரியும். ஒவ்வொரு வரியிலும் நிருபர் பெயரும் அவருடைய நிறுவனமும் இருக்கும், மூலச் செய்திக்கு இணைப்பும் இருக்கும். அந்த இணைப்பைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர்கள் இந்தத் தளத்தைப் பாதிதான் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்ல வேண்டும். கீழிருந்து மேலாகப் படிப்பதும் நல்லது. இரண்டாவதாகப் பேசிய நிருபர் முதலாமவரை உறுதிப்படுத்துகிறாரா, அல்லது அவரையே மேற்கோள் காட்டுகிறாரா என்பது அப்போதுதான் புரியும். ஐந்து பேர் எழுதியிருந்தும் ஐவருக்கும் மூலம் ஒரே ஆள் என்றால், அது ஒரே ஒரு செய்திதான்.

அடுத்து, எந்த அளவு உறுதியோடு எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ‘உடன்பாடு எட்டப்பட்டது’ என்பது ஏறக்குறைய முடிந்த விஷயம். ‘தீவிரப் பேச்சு’ என்றால் இருபக்கமும் பெயர்கள் பரிமாறப்பட்டிருக்கும். எப்போது வேண்டுமானாலும் உடையலாம். ‘ஆர்வம் காட்டுகிறது’, ‘விசாரித்தது’ என்பதற்கு ஒரு போன்காலுக்கு மேல் செலவில்லை. நல்ல பிட்சர் ஒருவர் விலைக்கு வருகிறார் என்று தெரிந்தால் அவரைப் பற்றி விசாரிக்காத பொதுமேலாளர்தான் வேலையைச் சரியாகச் செய்யவில்லை. ‘இந்த அணிக்குப் பொருந்துவார்’ என்பது செய்தியே அல்ல, எழுதியவரின் யோசனை. தளம் இந்த நான்கையும் பதிவுக்குள் ஒழுங்காகப் பிரித்துத்தான் எழுதுகிறது. கோளாறு வருவது தலைப்பில். ‘இந்த வீரர் மீது இந்த அணிக்கு ஆர்வம்’ என்ற ஒரு வரி போனுக்கு அறிவிப்பாக வந்து விழும்போது, உள்ளே இருக்கும் ‘ஆனால்’ எல்லாம் கழன்றுவிடும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பரப்புகிறவர்களுக்கு உள்ளே போய்ப் படிக்க நேரமில்லை.

தளம் சொல்லாத ஒன்றை வாசகர்தான் ஊகிக்க வேண்டும்: இந்தத் தகவலால் யாருக்கு லாபம்? தன் ஆட்டக்காரரை ஐந்து அணிகள் துரத்துவதாகச் செய்தி வந்தால் ஏஜென்ட்டுக்கு நல்லது. பெயர் சொல்லாத ‘மர்ம அணி’ ஒன்று களத்தில் இருப்பதாக வந்தால் இன்னும் நல்லது. வேறொரு அணி வீரரைத் தட்டிக்கொண்டு போன மறுநாள், ‘நாங்களும் கடைசிவரை போட்டியில் இருந்தோம்’ என்று கசிவது பெரும்பாலும் தோற்ற அணியின் அலுவலகத்திலிருந்து. சொந்த ஊர் ரசிகர்களைச் சமாதானப்படுத்தத்தான். பேரம் முடிந்தது என்பதைத் தேசிய நிருபர்களிடமும், ‘அப்படி எதுவும் இல்லை’ என்பதை உள்ளூர் நிருபர்களிடமும் கேட்பது நல்ல வழக்கம். உள்ளூர்க்காரர் மறுத்தால் கொஞ்சம் நிதானியுங்கள்.

பெரிய பெயர்களும் சறுக்குவார்கள். 2022 டிசம்பர் 6-ல் நட்சத்திர வீரர் ஆரோன் ஜட்ஜ் ஜயன்ட்ஸ் அணியின் பக்கம் போகிறார் என்று ஹேமன் பதிவிட்டார், அதுவும் ஆரோனை ‘ஆர்சன்’ என்று தட்டச்சிட்டு. சில நிமிடங்களில் திரும்பப் பெற்றார். மறுநாள் ஜட்ஜ் யாங்கீஸ் அணியோடு 9 ஆண்டு, 36 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டார். 2023 டிசம்பர் 8 இன்னும் மோசம். ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஓடானி அங்குள்ள அணியில் சேர டொரண்டோவுக்குப் பறந்துகொண்டிருக்கிறார் என்று எம்எல்பி நெட்வொர்க்கின் ஜான் மொரோசி சொல்ல, தெற்குக் கலிஃபோர்னியாவிலிருந்து கிளம்பிய ஒரு தனி விமானத்தை ரசிகர்கள் வரைபடத்தில் விடாமல் துரத்தினார்கள். ஓடானி கலிஃபோர்னியாவை விட்டு நகரவே இல்லை என்று யுஎஸ்ஏ டுடே நிருபர் பாப் நைட்டென்கேல் அன்றே மறுத்தார். விமானத்திலிருந்து இறங்கியது கனடாத் தொழிலதிபர் ராபர்ட் ஹெர்ஜாவெக். மறுநாள் டாட்ஜர்ஸ் அணிக்குப் போவதாக ஓடானி தானே இன்ஸ்டாகிராமில் அறிவித்தார். ஒப்பந்தம் 10 ஆண்டு, 70 கோடி டாலர். அன்று இரண்டு நிருபர்களின் கூற்றும் ஒன்றோடொன்று மோதின. அந்த மோதல்தான் எச்சரிக்கை மணி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வசதி இருப்பதுதான் இப்படியொரு திரட்டித் தளத்தின் பயன்.

செய்தி சரியாக இருந்தும் டிரேடு நடக்காமல் போவதும் உண்டு. புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். 2015 ஜூலை 29 இரவு, நியூயார்க் மெட்ஸ் அணி ஆடிக்கொண்டிருக்கும்போதே அதன் வீரர்கள் வில்மர் ஃப்ளோரெஸும் ஸாக் வீலரும் மில்வாக்கிக்கு, கார்லோஸ் கோமெஸ் மெட்ஸுக்கு என்று செய்தி பரவியது. மைதானத்தில் இருந்தவர்கள் போனைப் பார்த்து ஃப்ளோரெஸுக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் களத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆடினார். கோமெஸின் இடுப்பு பற்றிய மருத்துவ அறிக்கை மெட்ஸுக்குத் திருப்தி தராததால் டிரேடு உடைந்தது. மறுநாள் கோமெஸ் ஹூஸ்டனுக்குப் போனார். ஜூலை 31-ல் 12-வது இன்னிங்ஸில் ஹோம்ரன் அடித்து ஆட்டத்தை முடித்தவர் அதே ஃப்ளோரெஸ். அன்றிரவு நிருபர்கள் பொய் சொல்லவில்லை. பேரம் உண்மையாகவே பேசப்பட்டது. பரிசோதனை முடியாத உடன்பாடு என்பது நிச்சயதார்த்தம் மாதிரி, தாலி இன்னும் ஏறவில்லை. கார்லோஸ் கொரெயா விஷயத்தில் இதே கதை இரண்டு முறை. 2022 டிசம்பரில் ஜயன்ட்ஸோடு 13 ஆண்டு 35 கோடி, பிறகு மெட்ஸோடு 12 ஆண்டு 31.5 கோடி, பழைய கால் காயத்தின் பரிசோதனையில் இரண்டும் கவிழ்ந்து, 2023 ஜனவரியில் ட்வின்ஸோடு 6 ஆண்டு 20 கோடியில் நின்றது. ஆகவே பதிவில் ‘மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட்டது’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு ‘அணி அறிவித்தது’ என்ற வரி வரும்வரை கணக்கை முடிக்க வேண்டாம்.

ஒரு புரளி நிற்குமா விழுமா என்பதை நிருபரே இல்லாமல் விதிகளை வைத்தே சலித்துவிடலாம். புதிய வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில், சாதாரணத் தேர்வு உரிமைகளை பேஸ்பாலில் டிரேடு செய்ய முடியாது. சிறிய சந்தை, குறைந்த வருமான அணிகளுக்குக் கூடுதலாகத் தரப்படும் போட்டிச் சமநிலைச் சுற்றின் தேர்வுகளை மட்டும் கைமாற்றலாம். கூடைப்பந்துப் பழக்கத்தில் ‘முதல் சுற்றுத் தேர்வு இரண்டு கொடுத்து’ என்று யாராவது எழுதினால் அங்கேயே மூடிவிடலாம். இந்த ஆண்டு டிராஃப்டில் எடுத்த பையனை உலகத் தொடர் முடியும்வரை அனுப்ப முடியாது. குளிர்காலத்தில் ஃப்ரீ ஏஜென்ட்டாக, அதாவது பழைய ஒப்பந்தம் முடிந்து எந்த அணியோடும் சேரலாம் என்ற நிலையில், கையெழுத்திட்டவரை அவர் சம்மதிக்காமல் ஜூன் 15-க்கு முன் அனுப்ப முடியாது. மேஜர் லீக்கில் பத்தாண்டு சர்வீஸும் அதில் கடைசி ஐந்தாண்டு ஒரே அணியிலும் முடித்தவருக்கு எந்த டிரேடையும் மறுக்கும் உரிமை தானாகவே உண்டு. ஒப்பந்தத்தில் தனியாக மறுப்பு உரிமை வாங்கியவர்களும் இருக்கிறார்கள். இதில் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2022 ஆகஸ்ட் 2 சாட்சி. வாஷிங்டன் அணியின் ஹுவான் சோட்டோவை பட்ரேஸுக்கு அனுப்பும் பேரத்தில் பட்ரேஸின் எரிக் ஹாஸ்மரும் வாஷிங்டனுக்குப் போவதாக இருந்தது. அவருடைய மறுப்புப் பட்டியலில் வாஷிங்டன் இருந்தது, மறுத்துவிட்டார். அவர் இடத்தில் லூக் வாய்ட் போனார், ஹாஸ்மர் பாஸ்டனுக்கு அனுப்பப்பட்டார். சோட்டோ டிரேடு நின்றது. அதன் விவரம்தான் சில மணி நேரத்தில் மாறியது. பெயர்ப் பட்டியல் முழுதாக வரும்முன் ‘யார் ஏமாந்தார்’ என்று தீர்ப்பு எழுதுபவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். இந்த உரிமைகளைப் பதிவுக்குள் நினைவூட்டுவதில் தளம் கவனமாக இருக்கிறது. ஒப்பந்த விவரத்தைத் தனியாகப் பார்க்க பேஸ்பால் ப்ராஸ்பெக்டஸில் இருக்கும் காட்ஸ் ஒப்பந்தப் பட்டியல் நன்று.

பணக் கணிப்புக்கு வருவோம். தளம் ஆண்டுதோறும் முதல் 50 ஃப்ரீ ஏஜென்ட்களுக்கு விலை கணிக்கிறது. திசை காட்ட இது போதும், தொகையைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. ஜட்ஜுக்கு 8 ஆண்டு 33.2 கோடி என்றார்கள், நெருக்கம்தான். சோட்டோவுக்கு 13 ஆண்டு 60 கோடி என்றார்கள். மெட்ஸ் 15 ஆண்டு 76.5 கோடி கொடுத்தது. ஓடானிக்கு 52.8 கோடி என்றது பெரிய சறுக்கல்போலத் தெரியும். ஆனால் அவருடைய 70 கோடியில் 68 கோடி பிற்பாடு தரப்படுவது; சொகுசு வரிக் கணக்கில் (சம்பளச் செலவு வரம்பைத் தாண்டும் அணி லீக்குக்குக் கட்டும் வரி) ஆண்டுக்குச் சுமார் 4.6 கோடிதான், பத்தாண்டுக்குச் சுமார் 46 கோடி. அப்படிப் பார்த்தால் கணிப்புதான் கூடுதல். உண்மையான அடி விழுந்தது அதே குளிர்காலத்தில் வேறு இடத்தில்: பிளேக் ஸ்னெல்லுக்கு 7 ஆண்டு 20 கோடி என்று கணித்திருக்க, அவருக்குக் கிடைத்தது 2 ஆண்டு 6.2 கோடி. பெல்லிஞ்சர் என்ற வீரருக்கு 12 ஆண்டு 26.4 கோடி என்றது 3 ஆண்டு 8 கோடியில் முடிந்தது. சந்தை கடைசி நேரத்தில் காய்ந்துபோவதை எந்தக் கணிப்பு மாதிரியும் பிடிக்காது.

மாறாக, மேட் ஸ்வார்ட்ஸின் மாதிரியை வைத்து வெளியிடும் ஆர்பிட்ரேஷன் (வீரரும் அணியும் சம்பளத்தில் உடன்படாவிட்டால் நடுவர்கள் முடிவு செய்யும் முறை) சம்பளக் கணிப்பு இந்தத் தளத்தின் சிறந்த சரக்கு. 2024-க்கு சோட்டோவுக்கு 3.3 கோடி என்றது, 3.1 கோடியில் முடிந்தது. ‘இவருக்குச் சம்பளம் எகிறிவிடும், அணி தள்ளிவிடப் பார்க்கிறது’ என்ற வகைப் புரளியைச் சோதிக்க இந்தப் பட்டியலையும் அணியின் சொகுசு வரி வரம்பையும், 2025-ல் அது 24.1 கோடி டாலர், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விடை தெரியும்.

பேஸ்பால் டிரேடு வேல்யூஸ் என்ற இன்னொரு தளம் ஒவ்வொரு வீரருக்கும் மிச்ச மதிப்பு போட்டு, டிரேடு சமமா என்று சொல்லும். எதிர்பார்க்கும் ஆட்டத்தின் பண மதிப்பிலிருந்து சம்பளத்தைக் கழிப்பதுதான் கணக்கு. பார்க்கச் சுவாரசியம். ஆனால் ஆறு சுமாரான பையன்களைக் கூட்டி ஒரு நட்சத்திரத்துக்குச் சமம் என்று காட்டிவிடும். நிஜத்தில் 40 பேர் பட்டியலில் அந்த ஆறு பேருக்கு இடம் எங்கே?

குறைகள் சொல்லாமல் விட முடியாது. இலவசப் பதிப்பில் விளம்பரம் அதிகம். பழைய போனில் பக்கம் குதிக்கும். சந்தா கட்டினால் விளம்பரம் போய்விடும், சந்தாதாரர்களுக்கான கட்டுரைகளும் கேள்வி-பதில் அரட்டையும் கிடைக்கும். புரளியைச் சலிக்க மட்டும் வருபவருக்குச் சந்தா தேவையில்லை, அதற்கான சரக்கு எல்லாம் வெளியிலேயே இருக்கிறது. இன்னொன்று: இங்கே எதுவும் வராததால் எதுவும் நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2025 ஜூன் 15-ல் ரஃபேல் டெவர்ஸை பாஸ்டன் ஜயன்ட்ஸுக்கு அனுப்பியபோது முன்கூட்டிப் புகையே கிளம்பவில்லை. வாய் திறக்காத அலுவலகங்களின் டிரேடுகள் முடிந்த பிறகுதான் எல்லோருக்கும் தெரியும்.

போலிக் கணக்குகளுக்கு எதிராக இது நல்ல வடிகட்டி. 2023 ஏப்ரலில் டுவிட்டர் பழைய நீலக் குறிகளை எடுத்துவிட்டது. இப்போது அந்தக் குறி காசு கொடுத்தால் கிடைக்கும். நிருபர் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, அவர் படத்தையே போட்டுக் கதைவிடுவது டிரேடு கெடு நாளின் வாடிக்கை. பெரிய டிரேடு ஒன்று கண்ணில் பட்டால் தளத்தைத் திறங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அங்கே பதிவாகவில்லை என்றால் அநேகமாக அது போலி.

செயலியில் எல்லா அணிக்கும் அறிவிப்பை இயக்கினால் போன் ஓயாது. உங்கள் அணியையும், நீங்கள் கவனிக்கும் இரண்டு மூன்று வீரர்களையும் மட்டும் தேர்ந்தெடுங்கள். 2025-ல் டிரேடு கெடு ஜூலை 31, கிழக்கு அமெரிக்க நேரம் மாலை 6 மணியாக இருந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் மறுநாள் விடிகாலை 3.30, சிங்கப்பூரில் காலை 6. அந்த நிமிடத்தோடு மூடிவிட வேண்டாம். லீக் அலுவலகத்துக்கு நேரத்துக்குள் போய்ச் சேர்ந்த டிரேடுகள் வெளியே தெரிய இன்னும் இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். கூடவே போகும் மைனர் லீக் பையன்களின் பெயர்கள் அதற்கும் பிறகுதான் வரும்.