பிழை எண்: தட்டையாக வைப்பதா, அடுக்கிக் கட்டுவதா?

ஒரு லைப்ரரியை (பிற நிரல்கள் பயன்படுத்தும் ஆயத்த நிரல்தொகுப்பை) நம் நிரல் அழைத்து, அந்த அழைப்பு தோற்றால், அழைத்தவருக்கு முதலில் தெரிய வேண்டியது இதுதான்: மறுபடி முயலலாமா, எதையாவது திருத்தணுமா, விட்டுவிட வேண்டியதுதானா? லைப்ரரியின் பிழை எண் இதைச் சொல்கிறதா என்று பார்த்தால் நல்லதும் கெட்டதும் பிரிந்துவிடும்.

யூனிக்ஸில் கடைசிப் பிழையின் எண்ணை வைத்திருக்கும் எர்ர்னோ (errno) வெறும் எண் வரிசை. 2 என்றால் கோப்பு இல்லை, 13 என்றால் அனுமதி இல்லை. எளிமைதான், ஆனால் சில எண்கள் தளத்துக்குத் தளம் மாறும். ‘இப்போது முடியாது, பிறகு முயல்’ என்பது லினக்ஸில் 11, மேக்கில் 35. டெட்லாக் (ஒருவருக்காக ஒருவர் காத்து நின்றுவிடும்) பிழையோ லினக்ஸில் 35, மேக்கில் 11! லாகில் (நிரல் எழுதும் பதிவேட்டில்) எண்ணை மட்டும் எழுதிவைத்தால் கதை கந்தல். போதாததற்கு, தோற்ற அழைப்புக்கும் எர்ர்னோவைப் படிப்பதற்கும் நடுவே ஒரு லாக் வரி எழுதினாலே மதிப்பு மாறிவிடலாம். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (நிரலுக்குள் தனித்து ஓடும் இழைக்கும்) தனி எர்ர்னோ இருப்பது இதற்கு உதவாது. அழிப்பது நம் த்ரெட்டேதான். அடுத்த வரியிலேயே உள்ளூர் மாறியில் எடுத்து வைக்க வேண்டும்.

விண்டோஸின் பிழைக் குறியீடான எச்ரிசல்ட் (HRESULT) 32 பிட் எண். ஹெக்ஸில் (பதினாறடி எண்முறையில்) 80070005 என்று வந்தால், உச்சி பிட் தோல்வி, 7 என்பது வின்32 (விண்டோஸின் அடிப்படை அழைப்புகள்) பகுதி, கடைசி 5 அனுமதி மறுப்பு. பிழை எங்கிருந்து வந்தது என்பது தெரிகிறது, என்ன செய்யலாம் என்பது தெரியவில்லை. 1 என்ற மதிப்பும் இங்கே வெற்றிதான். பூஜ்யமா என்று மட்டும் சோதிக்கும் நிரல் இதைத் தோல்வியாக எண்ணிக்கொள்ளும்.

எஸ்கியூலைட் என்ற தரவுத்தள லைப்ரரி செய்தது எனக்கு மிகவும் பிடிக்கும். கீழ் 8 பிட்டில் குடும்பம், அதற்கு மேலே விவரம். கட்டுப்பாட்டு மீறல் 19. யூனிக் மீறல் (தனித்திருக்க வேண்டிய மதிப்பு இரண்டாம் முறை வருவது) 8×256+19, அதாவது 2067. விவரம் வேண்டாதவர் 255-ஐக் கொண்டு மேல் பிட்களை மறைத்தால் 19 கிடைத்துவிடும். இந்த அடுக்கின் அருமை ‘பிஸி’ (தரவுத்தளம் வேறொரு இணைப்பின் பிடியில்) பிழையில் தெரியும். வெறும் 5 வந்தால் காத்திருந்து முயலலாம். அதே குடும்பத்தின் 517 (2×256+5) வந்தால் காத்திருந்து பயனில்லை: வால் (WAL, மாற்றங்களை முதலில் தனிப் பதிவேட்டில் எழுதும்) முறையில், படிக்கத் தொடங்கிய பரிவர்த்தனை எழுத முற்படுவதற்குள் வேறொரு இணைப்பு எழுதிவிட்டது. ரோல்பேக் செய்து (பரிவர்த்தனையைக் கைவிட்டு) முதலிலிருந்து தொடங்கியாக வேண்டும். ஒரே குறை, பழைய நிரல்கள் உடையக்கூடாது என்று விரிவான எண்களை இயல்பாக அணைத்தே வைத்திருக்கிறார்கள்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தருவது ஐந்தெழுத்துக் குறியீடு, முதல் இரண்டும் வகுப்பு. 23505 யூனிக் மீறல், 23503 ஃபாரின் கீ (அட்டவணைகளுக்கு இடையிலான இணைப்பு) மீறல். நெட்வொர்க்கில் அனுப்பவும் லாகில் தேடவும் எண்ணைவிட வசதி. செய்தி வாசகத்தைப் பிரித்துப் பார்க்கும் பழக்கத்துக்கும் இது மருந்து. சர்வரின் மொழி அமைப்பு மாறினால் வாசகமும் மாறும், குறியீடு மாறாது. ஆனால் வகுப்பை மட்டும் நம்பி ‘40 என்றால் மறுமுயற்சி’ என்று எழுதிவிடாதீர்கள். 40001-க்கு (ஒரே நேரத்தில் ஓடிய பரிவர்த்தனைகள் மோதின) அது சரி. 40003-க்குப் பொருள் ‘கட்டளை முடிந்ததா தெரியவில்லை’. மறுபடி ஓட்டினால் பணம் இரண்டு முறை கழியலாம்.

புதிதாக ஒரு சி லைப்ரரி எழுதுவதென்றால் எஸ்கியூலைட் வழியையே எடுப்பேன், விரிவான எண்களை முதல் பதிப்பிலிருந்தே தருவேன். குடும்பங்களைத் தோன்றிய இடத்தை வைத்துப் பிரிக்காமல், அழைப்பவர் அடுத்துச் செய்யவேண்டியதை வைத்துப் பிரிப்பேன். நீக்கிய எண்ணை இன்னொரு பிழைக்குத் தரவே மாட்டேன். பழைய பதிப்போடு தொகுத்த நிரல் அதைப் பழைய பொருளில்தான் படிக்கும்.