டிஸ்ட்ரிபியூட்டர் ஓரம் கசிந்த ஆயில்: பழைய ஹோண்டா சிட்டியோடு 14 வருட அனுபவம்

என்னிடம் இருப்பது 2001 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 இஎக்ஸ்ஐ. 2011-இல் இரண்டாவது ஓனராக வாங்கினேன். அப்போது மீட்டரில் 68,000 கி.மீ. இன்று 1,94,000 தாண்டிவிட்டது. சென்னையில்தான் தினசரி ஓட்டம், வருடத்துக்கு மூன்று நான்கு தடவை திருநெல்வேலி. இந்த இன்ஜினைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் 2013-இல் ஆரம்பித்த ஓர் ஆயில் கசிவு என்னை இரண்டு முறை தப்பான இடத்தில் செலவு செய்ய வைத்தது. இதே வண்டி, அல்லது டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு முறைப்படி மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) உள்ள வேறு பழைய பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்தச் செலவு மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் தெரிந்தது பார்க்கிங் தரையில். காலையில் வண்டியை எடுத்தபின் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கறுப்புச் சொட்டு. ஒரு மாதத்தில் அது மூன்று சொட்டானது. அடியில் படுத்துப் பார்த்தால் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற பெல் ஹவுசிங் முழுக்க ஆயில். வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். மெக்கானிக் டார்ச் அடித்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "பின்னாடி கிராங்க் ஆயில் சீல் போயிருக்கு சார், கியர்பாக்ஸ் இறக்கணும்" என்றார். இறக்கினோம். இறக்கியதுதான் இறக்கினோம் என்று கிளட்ச்சும் மாற்றினோம். மொத்தம் 14,000 ரூபாய். பத்தாவது நாள் அதே இடத்தில் மறுபடி சொட்டு.

அந்த மெக்கானிக் ஏமாற்றுக்காரர் இல்லை. பல வருடம் என் வண்டியை நல்லபடியாகப் பார்த்தவர். ஆயில் நின்ற இடத்தைப் பார்த்தார், அது எங்கிருந்து கிளம்பியது என்று பார்க்கவில்லை. ஆயில் எப்போதும் மேலிருந்து கீழேதான் வரும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னாலும் தள்ளும். அதனால் சொட்டுகிற இடத்துக்கும் கசிகிற இடத்துக்கும் ஒன்றரை அடி தூரம்கூட இருக்கலாம்.

இந்த வண்டியில் பானட்டைத் திறந்து முன்னால் நின்றால் இடது கை ஓரத்தில், சிலிண்டர் ஹெட்டின் முனையில் டிஸ்ட்ரிபியூட்டர் படுத்தவாக்கில் இருக்கும். ஐந்து ஹைடென்ஷன் வயர் போகிற டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை இது; காயில், இக்னைட்டர், சென்சார் எல்லாம் ஒரே கூட்டுக்குள் அடக்கம், வெளியே வருவது பிளக்குகளுக்குப் போகும் நான்கு வயர்தான். அதன் ஷாஃப்ட் முனை ஹெட்டுக்குள் நுழைந்து கேம்ஷாஃப்ட்டோடு (இன்ஜின் வால்வுகளைத் திறக்கும் தண்டு) நேரடியாகக் கோத்துச் சுற்றுகிறது. கேம் முனையில் எப்போதும் ஆயில் தெறித்துக்கொண்டே இருக்கும். அந்த ஆயிலை இரண்டு தடுப்புகள் நிறுத்துகின்றன. டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் ஓ-ரிங். ஷாஃப்ட்டைச் சுற்றி, கூட்டுக்கு உள்ளே, ஒரு சின்ன ஆயில் சீல். ஓ-ரிங் போனால் ஆயில் வெளியே வழியும். உள் சீல் போனால் ஆயில் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்புக்குள் வரும், வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு வியாதி, வைத்தியமும் வேறு. எனக்கு இரண்டும் வந்தன, ஐந்து வருட இடைவெளியில்.

கண்டுபிடிக்க நான் செய்ததைச் சொல்கிறேன். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இன்ஜின் நன்றாக ஆறியபின், மண்ணெண்ணெயில் தோய்த்த பெயின்ட் பிரஷ்ஷால் ஹெட்டின் அந்த முனை, டிஸ்ட்ரிபியூட்டரின் அடிப்பக்கம், கீழே கியர்பாக்ஸ் மேல்புறம் எல்லாவற்றையும் கழுவினேன். கனெக்டர்களில் படாமல் பிளாஸ்டிக் கவர் கட்டிக்கொண்டேன். பனியன் வேஸ்ட்டால் ஈரம் போகத் துடைத்து, வாசனை போகிறவரை ஒரு மணி நேரம் பானட்டைத் திறந்தே வைத்தேன். மண்ணெண்ணெய் ஈரத்தோடு ஸ்டார்ட் பண்ணவே கூடாது. பிறகு முகத்துக்குப் போடுகிற டால்கம் பவுடரை மெல்லியதாகத் தூவிவிட்டு, 15 கி.மீ. ஓட்டிவிட்டு வந்து பார்த்தேன். வெள்ளைப் பவுடரில் டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும் விளிம்பின் அடியிலிருந்து ஒரு பழுப்புக் கோடு கிளம்பி, நேராகக் கீழே இறங்கியிருந்தது. அதற்கு மேலே இருக்கிற டாப்பட் கவர் (சிலிண்டர் ஹெட்டின் மேல் மூடி) ஓரம் முழுக்க வெள்ளையாகவே இருந்தது.

அந்த டாப்பட் கவர் ஓரத்தைப் பார்ப்பது ரொம்ப முக்கியம். அதன் பேக்கிங் மூலையில் விட்டுப்போனாலும் ஆயில் வழிந்து டிஸ்ட்ரிபியூட்டர் மேலேயே இறங்கும். டிஸ்ட்ரிபியூட்டரின் மேல்பக்கம் நனைந்திருந்தால் டாப்பட் கவரைச் சந்தேகப்படுங்கள்; அடிப்பக்கம் மட்டும் நனைந்து மேலே காய்ந்திருந்தால் ஓ-ரிங். விடெக் மாடலாக இருந்தால் பக்கத்திலேயே விடெக் சாலினாய்டின் பேக்கிங்கும் இருக்கிறது, அதையும் விரலால் தடவிப் பாருங்கள். இன்னொரு விஷயம், ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஓஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கு நேர் கீழேதான் ஹெட்டில் மாட்டியிருக்கிறது. சொட்டுகிற ஆயில் அதன் மேல் விழுந்து, என் வண்டியில் ஓஸ் ஒரு பக்கம் உப்பி மெதுமெதுவென்று ஆகிவிட்டது. கசிவைச் சரிசெய்த கையோடு அதையும் மாற்றினேன். சின்னச் சொட்டுதானே என்று விட்டிருந்தால் நெடுஞ்சாலையில் ஓஸ் வெடித்திருக்கும்.

ஓ-ரிங் மாற்றும் வேலை ஒரு மணி நேரம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடையில் 40 ரூபாய்க்கு ரிங் வாங்கினேன். பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றி, ஏர் ஃபில்ட்டர் குழாயை எடுத்து இடம் பண்ணிக்கொண்டேன். ஹைடென்ஷன் வயர்களுக்கு நம்பர் ஒட்டினேன், ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் விளிம்பிலிருந்து ஹெட் வரைக்கும் ஒரே கோடாக வெள்ளை பெயின்ட்டில் மார்க் போட்டேன். மூன்று போல்ட்டும் நீளத் துளைகளில் நிற்கின்றன. டிஸ்ட்ரிபியூட்டர் கொஞ்சம் திரும்பினாலும் இக்னிஷன் டைமிங் (பிளக்கில் பொறி அடிக்கும் நேரம்) மாறிவிடும். கழற்றி மெதுவாக ஆட்டி இழுத்தால் வந்துவிடும். கூடவே கொஞ்சம் ஆயிலும் வரும், கீழே துணி வையுங்கள்.

பழைய ரிங்கைக் கையில் எடுத்தபோதுதான் எல்லாம் விளங்கியது. உருண்டையாக இருக்க வேண்டிய ரப்பர் சப்பையாகி, பிளாஸ்டிக் வளையல் மாதிரி விறைத்திருந்தது. வளைத்தேன், உடைந்தது. பன்னிரண்டு வருடம் சூட்டில் வெந்த ரப்பர், அதைக் குறை சொல்ல முடியாது. பள்ளத்தைத் துடைத்து, புது ரிங்கில் இன்ஜின் ஆயில் தடவி மாட்டினேன். ஷாஃப்ட் முனையில் இருக்கும் நாக்குகள் நடு மையத்திலிருந்து விலகி இருப்பதால் கேமில் ஒரே வாக்கில்தான் உட்காரும். உட்காரவில்லை என்றால் ரோட்டாரை (ஷாஃப்ட்டோடு சுற்றி ஒவ்வொரு பிளக் வயருக்கும் பொறியை அனுப்பும் பாகம்) திருப்பிப் பாருங்கள், போல்ட்டை முறுக்கி இழுத்து உட்கார வைக்காதீர்கள். சிலிக்கான் பேஸ்ட் தடவச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஓ-ரிங்குக்கு அது தேவையில்லை. பிதுங்கி உள்ளே போன துண்டு ஆயில் வழியை அடைக்கும்.

பெயின்ட் மார்க்கைப் பொருத்தித்தான் முறுக்கினேன். இருந்தாலும் ஒரு டியூனிங் கடையில் டைமிங் லைட் வைத்துப் பார்த்தேன். இந்த வண்டியில் டைமிங் பார்க்கும் முன் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் சர்வீஸ் கனெக்டரை ஷார்ட் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) தானே டைமிங்கை மாற்றிக்கொண்டிருக்கும், லைட்டில் தெரிவது உண்மையாக இருக்காது.

14,000 ரூபாயில் நிற்காத கசிவு 40 ரூபாயில் நின்றது.

ஆனால் நீண்ட நாள் அனுபவம் என்றால் அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். 2016-இல், ஆர்சி புதுப்பிக்க வண்டியைத் தயார் பண்ணும்போது, அதே இடத்தில் மறுபடி ஈரம். மூன்று வருடம்கூட முழுசாக ஆகவில்லை. கழற்றினால் 40 ரூபாய் ரிங் அதற்குள் சப்பையாகியிருந்தது. அந்த ரிங் சாதாரண நைட்ரைல் ரப்பர். ஹெட்டின் சூட்டில் அது நாளாக நாளாக இறுகத்தான் செய்யும். இந்தத் தடவை அளவெடுத்து வைட்டான் ரிங் வாங்கினேன், 120 ரூபாய். வைட்டான் 200 டிகிரி வரை தாங்கும். கடையில் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கலாம், நிறத்தை நம்பாமல் கேட்டு வாங்குங்கள். பழைய ரிங்கைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிடுங்கள், ஆனால் சப்பையான ரிங்கின் கனம் சரியாக இருக்காது, பள்ளத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

அன்றைக்கே பிசிவி வால்வையும் பார்த்தேன். இன்ஜினுக்குள் சேரும் காற்றழுத்தத்தை இன்டேக் மேனிஃபோல்டுக்கு அனுப்பும் சின்ன வால்வு அது. சூடான இன்ஜின் ஐடிலில் ஓடும்போது அதன் ஓஸை ப்ளையரால் மெல்ல நெருக்கி நெருக்கி விட்டால் 'டிக்' என்று சத்தம் வர வேண்டும். எனக்கு வரவில்லை. கழற்றிக் குலுக்கினேன், கரி பிடித்து இறுகிப்போயிருந்தது. அது அடைத்துக்கொண்டால் உள்ளழுத்தம் எங்கே வலு குறைவோ அந்த சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். வால்வையும் ரிங்கையும் ஒரே நாளில் மாற்றினேன், அதனால் எது எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு அந்த இடம் இன்று வரை நனையவில்லை.

இரண்டாவது வியாதி 2018 மழைக்காலத்தில். ஐடிலில் லேசான மிஸ்ஸிங், பிக்கப் குறைவு. பிளக் மாற்றினேன், வயர் மாற்றினேன், போகவில்லை. கடைசியில்தான் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைத் திறந்தேன். முதலில் திறந்திருக்க வேண்டியது அதைத்தான். ரோட்டாருக்குப் பின்னால் ஆயில் படலம், கேப்பின் உட்சுவரில் ஆயிலும் கரியும் கலந்த சகதி. தீப்பொறி போக வேண்டிய பாதையை விட்டு அந்தச் சகதி வழியாகத் தாவிக்கொண்டிருந்தது. கூடவே செம்பழுப்பில் துரு மாதிரி ஒரு தூளும் இருந்தது. அந்தத் தூள் பேரிங் தேய்வதன் அடையாளம். அதைக் கண்டால் துடைத்துவிட்டு மூடாதீர்கள். பேரிங் இறுகினால் ஷாஃப்ட் நின்று வண்டி நடுரோட்டில் நிற்கும்.

இந்த உள் சீல் தனி பார்ட்டாக வருவதில்லை. புது டிஸ்ட்ரிபியூட்டர் கேட்டால் விலை எட்டவில்லை. புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும். அதுவும் நம்முடையதைப் போலவே வயசானது, அதன் சீலும் எந்த நிலையில் இருக்குமோ. அதனால் என்னுடையதையே திறக்கச் சொன்னேன். ரோட்டாரைக் கழற்றி, கேம் பக்க முனையில், நாக்குகள் உள்ள துண்டான கப்ளிங்கைப் பிடித்திருக்கும் பின்னைத் தட்டி எடுத்து, ஷாஃப்ட்டை உருவி, பேரிங்கும் சீலும் அளவுப்படி வெளியே வாங்கிப் போட்டார்கள். பேரிங், சீல், புது கேப், ரோட்டார், கூலி எல்லாம் சேர்த்து 3,800 ரூபாய்.

மாட்டிய அன்று வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. கிராங்க் சுற்றுகிறது, இன்டேக் பக்கம் 'டப்' என்று வெடிக்கிறது. பெட்ரோல் இருக்கிறது, ஸ்பார்க் இருக்கிறது. சாயங்காலம் வரை மூன்று பேர் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் அங்கிருந்த பெரியவர் ஒருவர், "கப்ளிங்கை மார்க் பண்ணிட்டா கழட்டுனீங்க தம்பி?" என்று கேட்டார். யாரும் மார்க் பண்ணவில்லை. அந்தப் பின் இரண்டு வாக்கிலும் நுழையும். கப்ளிங் 180 டிகிரி திரும்பி மாட்டியிருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டில் சரியாகவே உட்காரும், ஆனால் ரோட்டார் மட்டும் எதிர்ப்பக்கம் பார்க்கும். முதல் சிலிண்டருக்குப் போக வேண்டிய ஸ்பார்க் நான்காவதுக்குப் போகும். பின்னைத் தட்டித் திருப்பிப் போட்டதும் முதல் கிராங்க்கில் பிடித்தது. பின்னைத் தொடும் முன் ஷாஃப்ட்டிலும் கப்ளிங்கிலும் சேர்த்து ஒரு கோடு கீறிவிடுங்கள், ஒரு போட்டோவும் எடுத்துவிடுங்கள்.

உட்புறம் சுத்தம் செய்ய மண்ணெண்ணெயோ பெட்ரோலோ வேண்டாம், எலெக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் போதும். சென்சார் சுருள்களைத் துணியால் தேய்க்காதீர்கள்.

2003-இல் வந்த அடுத்த சிட்டியில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. அந்த வண்டிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எனக்கு இன்னமும் இந்த இன்ஜின் சத்தம்தான் பிடிக்கிறது. 2021-இல் ஆர்சியை இரண்டாம் முறை புதுப்பித்தேன். இப்போது ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் இரண்டு காரியம் செய்கிறேன்: டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் வெள்ளைத் துணி விட்டுத் துடைத்துப் பார்ப்பது, கேப்பின் மூன்று ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்ப்பது. பத்து நிமிட வேலை. போன மாதம் பார்த்தபோது துணியில் தூசி மட்டும்தான் வந்தது. கேப்புக்குள் காய்ந்திருந்தது, ரோட்டார் முனையில் வழக்கமான வெள்ளைப் பூப்பு. வைட்டான் ரிங் ஒன்று கூடுதலாக வாங்கி க்ளவ் பாக்ஸில் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்பது வருடமாக அது கவர் பிரிக்காமலே கிடக்கிறது.